தண்ணீரில் போகிற சிவப்பு

கிருஷ்ணம்மாவுக்குக் கோபம் வந்தால் முதல் அடி துவைகல்லுக்குத்தான். ஆந்திரத்து எல்லை ஊரான நகரியில் அவர்கள் தெருவில் விடிந்தது முதல் பவர்லூம் சத்தம் ஓயாது. பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசவே தொண்டை கிழிய வேண்டும். அந்தச் சத்தத்தையும் மீறித் துணி அடிபடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டால், ‘இன்னைக்கு யாருக்கோ பூசை இருக்குது’ என்று சிரித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஆடி மாசத்து வெயிலில் அந்தச் சத்தம் பாதியில் நின்றுவிட்டது. கையில் புருஷனுடைய பனியனை விரித்துப் பிடித்தபடி கிருஷ்ணம்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் வேதாச்சலத்துக்குச் சாயப்பட்டறையில் வேலை. நூல் சிட்டங்களைக் கோலில் கோத்து, கொதிக்கிற சாயத் தொட்டியில் முக்கிப் புரட்டி, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் காயப்போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே அவன் செய்துவந்த வேலை அது. புதுப்பெண்ணாக வந்த கிருஷ்ணம்மா முதல் நாள் இலை போட்டபோது, அவன் கை பட்ட சோறெல்லாம் ரோஸ் கலரானதைப் பார்த்து அழுதுவிட்டாள். அப்புறம் பழகிவிட்டது. சாயக்காரன் வீட்டில் வேட்டியிலும் கறை, தலையணை உறையிலும் கறை, சாமி படத்துக்குப் போட்ட பூ நாரிலும் கறை. நல்ல சாயம் என்றால் துணி கிழியும், கறை போகாது. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

அப்படியிருக்க, தை மாசம் தொடங்கி வேதாச்சலத்தின் பனியனில் ஒரு சிவப்புக் கறை வந்துகொண்டிருந்தது. இடப்பக்க மாரில், காலணா அகலத்துக்கு, பழுப்புக் கலந்த சிவப்பு. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் போய்விடும். கிருஷ்ணம்மா அதைப் பார்த்து என்ன நினைத்தாள் என்றா கேட்கிறீர்கள்? சாயம் மட்டம் என்று நினைத்தாள். பட்டறை முதலாளி காசு மிச்சம் பிடிக்கக் கலப்படச் சரக்கு வாங்குகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். புருஷனிடமும் சொல்லிச் சிரித்தாள். “உங்க மொதலாளி சாயம் ஒரு முக்குக்கே ஓடிப்பூடுதுங்க. இத்தப் போட்டு லுங்கி நெய்ஞ்சா வாங்கறவன் மூஞ்சியிலதான் வந்து அடிப்பான்.” வேதாச்சலமும், “ஆமாமா, மட்டச் சாயம்தான்” என்று கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இந்த ஆடியில் பட்டறைக்கு ஒரே பெரிய ஆர்டர். மாசம் பூரா நீலமும் பச்சையும்தான். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக் கழிவு தெருச் சாக்கடையில்தான் ஓடும், அன்றைக்கு என்ன சாயமோ அந்தக் கலரில் ஓடும். கிருஷ்ணம்மாவின் துவைகல்லை ஒட்டி அன்றைக்கும் நீலம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையில் பனியன். பனியனில் சிவப்பு. அவள் பனியனை உள்பக்கம் திருப்பினாள். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் கறை அடர்த்தியாக இருந்தது. தொட்டிச் சாயம் உடம்பிலிருந்தா தெறிக்கும்?

மத்தியானம் வேதாச்சலம் சாப்பிட வந்தான். கிருத்திகை விரதம் என்பதால் கருவாடு இல்லை. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் கூட்டும். அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னாங்க, பட்டறையில இன்னா கலரு ஓடுது?”

“நீலம். ஏன்?”

“அப்பால?”

“பச்சை. நீ இன்னா, மொதலாளி மாதிரி விசாரிக்கிறே?”

“செவப்பு?”

களியை உருட்டின கை அப்படியே நின்றது. பிறகு அவசரமாக உருண்டையைக் கூட்டில் தோய்த்து விழுங்கினான். “போன மாசம் ஓட்னது தொட்டியில ஒட்டிக்கினு இருக்கும்.”

“தொட்டியில ஒட்டிக்கினு இருக்கறது உம் பனியன் உள்பக்கமா வந்து எப்பிடிய்யா ஒட்டும்?”

கிருஷ்ணம்மா ‘இன்னாங்க’ என்றால் வீட்டில் அமைதி. ‘யா’ வந்துவிட்டால் மழை வரப்போகிறது என்று அர்த்தம். வேதாச்சலத்துக்கு அது தெரியும். “துன்ற சோத்துக்கு முன்னால நாய் மாதிரி கொலைக்காதே” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். பனியனோடே போனான். மற்ற சாயக்காரர்களெல்லாம் தொட்டிச் சூடு தாங்காமல் வெற்றுடம்போடு வேலை செய்கிற இடத்தில், இவன் மட்டும் சில மாசமாகப் பனியனைக் கழற்றுவதில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. வருஷா வருஷம் வேதாச்சலமும் அவன் அண்ணன் சண்முகமும் திருத்தணிக்குக் காவடி எடுத்து நடந்தே போவார்கள். மஞ்சள் வேட்டி, வெற்றுடம்பு, மார் நிறையச் சந்தனம், தோளில் பூக்காவடி. காலையில் சண்முகம் குளித்து முழுகி வாசலில் வந்து நின்றபோது வேதாச்சலம் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“முட்டி வலிண்ணா. இந்த வருசம் நீ போய்ட்டு வா.”

“வேண்டுதலைக்கு முட்டியாடா வலிக்கும்? எந்திரி.”

“வேணாம்னா வுடேன்.”

சண்முகம் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் தலை மறைந்ததும் கிருஷ்ணம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். “சட்டையைக் கழட்டு.”

“இன்னாமே, பட்டப்பகல்ல…”

“பல்லைக் காட்டாதே. கழட்டுன்னா கழட்டு. இல்ல, நான் கிழிப்பேன்.”

அவன் கத்திப் பார்த்தான், கையை ஓங்கிப் பார்த்தான். கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து பட்டன்களைக் கழற்றினான். பனியனுக்கு அடியில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கிருஷ்ணம்மா அதை உரித்தாள். இடது மார்க்காம்பு தொப்புள் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல் அமுக்காமல், ஒரு சிவப்புத் துளி அதில் ஊறி நின்றது. விரலை வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை போல ஒன்று கெட்டியாக இருந்தது. அசைத்தாள், அசையவில்லை.

“எப்பத்துலேர்ந்துய்யா?”

“தை மாசம் இருக்கும்.”

“வலிக்குதா?”

“வலியே இல்லமே. வலியிருந்தா வுட்டிருப்பனா? அது பாட்டுக்குக் கசியுது, அது பாட்டுக்கு நின்னுபூடுது. வேர்வைன்னுதான் மொதல்ல நெனச்சேன்.”

“அப்பால ரத்தம்னு தெரிஞ்சுதே, அப்ப இன்னா நெனச்சே? நான் பனியனைப் புடிச்சுக்கினு மொதலாளியத் திட்டிக்கினு இருந்தப்ப, கூடக் கூடச் சிரிச்சியே, அப்ப இன்னாய்யா நெனச்சே?”

அவன் தரையைப் பார்த்தான். “ஆம்பளைக்கு மாருல நோவுன்னா வெளிய தெரிஞ்சா சிரிப்பானுங்க. பேரு வெச்சுடுவானுங்கமே.”

இதை அந்த ஊர்க்காரர்கள் அல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் ஒருத்தனை ஒருத்தன் அப்பன் வைத்த பேரால் கூப்பிடுவதில்லை. சின்ன வயசில் நீலத் தொட்டியில் தவறி விழுந்த ஒருத்தனுக்கு நீலமேகம் என்று பேராகி, அவன் செத்துச் சாம்பலான பிறகும் அவன் பேரன் ‘நீலமேகம் ஊட்டுப் பையன்’. கல்யாணப் பந்தலில் வேட்டி அவிழ்ந்தவன் கதியைச் சொல்லவே வேண்டாம். இதற்குப் பயந்துதான் ஒரு மனுஷன் தன் உடம்பிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பஞ்சு வைத்து மறைத்துக்கொண்டு திரிந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனையாவது மன்னிக்கலாம். அவன் மறைத்தது வெறும் பூசணிக்காயைத்தான்.

“யாருகிட்டயும் காட்டலியா?”

“சாய்குமாருகிட்ட காட்னேன். களிம்பு குடுத்தாரு.”

சாய்குமார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அறையில் ஊசி போடுகிறவர். படித்த டாக்டர் இல்லை. ஒரு டாக்டரிடம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்ட வைத்தியம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குத் தெருவே அவரிடம்தான் ஓடும். கிருஷ்ணம்மா போன வேகத்தில் பெஞ்சில் காத்திருந்தவர்கள் தானாக வழி விட்டார்கள்.

“எங்க ஊட்டுக்காரருக்கு இன்னா வைத்தியம் பண்ணிக்கினு இருக்கே நீ?”

சாய்குமார் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். “மெல்லகா, மெல்லகா. வேடி சேசிந்தம்மா, அந்தே. ஒடம்புச் சூடு. தொட்டிகிட்டயே நிக்கறாரு, காஸ்டிக் வாடை வேற. களிம்பு மாத்திக் குடுத்துக்கீறேன். ஏமி காது, ஒண்ணும் ஆவாது.”

“தைக்கு ஒரு களிம்பு, சித்திரைக்கு ஒரு களிம்பு, இப்ப ஆடிக்கு ஒரு களிம்பு. ஆறின மாதிரி உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

“கொஞ்சம் டைம் புடிக்கும்மா.”

“அடியில கட்டி இருக்குதே, தொட்டுப் பாத்தியா?”

சாய்குமார் பெஞ்சைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அவரு சட்டையை முழுசாக் கழட்ட மாட்டேன்னாரு. ஆம்பளைங்களுக்கு அந்த மாதிரிப் பெரிய நோவெல்லாம் வராதும்மா. அதெல்லாம் ஆடவாள்ளக்கு, பொம்பளைங்களுக்கு.”

“வராதுன்னு உனக்கு யாரு சொன்னது? தெரியலைன்னா திருப்பதிக்குப் போன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா நஷ்டம்? நாக்கு தேஞ்சிடுமா? மாட்டுக்கு மடி வீங்கினாக்கூட மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போறாங்க. எம் புருசன் மாட்டை வுடக் கேவலமா?”

அதற்கு மேலும் பேசினாள். எழுத்தில் போட முடியாதவை. பெஞ்சிலிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள் என்பது மட்டும் உண்மை.

சாயங்காலம் திருத்தணியிலிருந்து வந்த சண்முகத்துக்கு விஷயம் போய்விட்டது. விபூதியும் பஞ்சாமிர்தமுமாக வந்து உட்கார்ந்தான். தம்பியை ஏறிட்டுப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். “கிஷ்ணம்மா, எதுக்கும்மா பஸ் ஸ்டாண்டுல போய்க் கத்தறே? நம்ம பரம்பரையில எந்த ஆம்பளைக்குமே இப்பிடி ஒரு நோவு வந்ததில்ல. முருகனுக்கு வேண்டிக்கினு வந்துக்கீறேன். கார்த்திகை வரிக்கும் பாக்கலாம். சரியாப் போலேன்னா அப்பால மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போலாம், நம்ம ஊரு ஆளுங்க இல்லாத எடமா.”

“மாமா, நீங்க பெரியவரு. இருந்தாலும் கேக்கறேன். கார்த்திகைக்குள்ள இது வளந்துச்சுன்னா உங்க முருகன் வந்து அறுத்து எடுப்பாரா?”

“சாமியை இழுக்காதே.”

“நான் இழுக்கல. நீங்கதான் அவரு தலையில கட்டறீங்க.”

அன்றைக்கே மகள் யாமினிக்குப் போன் போட்டாள். அவள் தடாவில் அறை எடுத்துத் தங்கி ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். “அம்மா, இங்க கேம்ப்புக்கு வந்த டாக்டரம்மா சொன்னாங்க. தானா ரத்தம் வந்தா ஒரு நாளுகூட வெச்சிருக்கக் கூடாதாம். திருப்பதி பெரியாஸ்பத்திரியில மார்புக்குன்னு தனி ஓபி கீது. நாளைக்கே நைனாவைக் கூட்டிக்கினு போ. வரமாட்டேன்னா சொல்லு, நான் லீவு போட்டுட்டு வந்து இழுத்துக்கினு போறேன்.”

மறுநாள் புத்தூர் வழியாகத் திருப்பதி பஸ். வழியெல்லாம் வேதாச்சலம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மலை தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். கிருஷ்ணம்மா கும்பிடவில்லை, அவளுக்கு அன்றைக்கு எந்தச் சாமியோடும் பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற ஜன்னலில் பெரிய வரிசை. “நீ போய் ஒக்காரு, நான் எழுதிக்கினு வரேன்” என்றான் வேதாச்சலம். இவ்வளவு தூரம் வந்தபின் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்து அவள் மாடிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சீட்டைக் கொண்டுவந்து உள்ளே கொடுத்துவிட்டு அவன் மாடிப்படித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பெஞ்சு நிறையப் பெண்கள். சுவரில் ஒட்டியிருந்த படத்திலும் பெண். ஆண் என்று அந்த வராந்தாவில் துணைக்கு வந்தவர்கள்தான்.

பக்கத்தில் சத்தியவேட்டிலிருந்து வந்த ஷோபா என்கிற சின்னப்பெண் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடக் காத்திருந்தாள். முகத்தில் அழுத தடம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தை பால் மறந்து மூணு வருசம் ஆவுதுக்கா. திரும்ப ரெண்டு பக்கமும் பால் மாதிரி வந்துச்சு. எங்க மாமியா பேசின பேச்சுக்குச் செத்துடலாம்னு இருந்துச்சு. டாக்டரம்மா பாத்துட்டு, நான் கேஸ் டிரபிளுக்குத் தினமும் துன்ற மாத்திரையால இருக்கும்னு சொல்லிட்டாங்க. தைராய்டு ஒரு டெஸ்ட்டு பண்ணணுமாம். அவ்ளோதான்.”

“நல்லாயிரும்மா. உம் மாமியாளையும் ஒரு நாளு இங்க இட்டாந்து உள்ள ஒக்கார வை. காது தெறக்கட்டும்.”

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “கிருஷ்ணம்மா! கிருஷ்ணம்மா எவரு? லோபலிகி ரண்டி.”

துணைக்கு வந்தவள் பேரைச் சொல்லித்தான் உள்ளே கூப்பிடுவார்கள் போல என்று அவள் எழுந்து, வேதாச்சலத்துக்குக் கை காட்டினாள். நர்ஸ் தடுத்தாள். “ஆயன பைட்டே உண்டனீ. மீரு ரண்டி.” அவர் வெளியே இருக்கட்டும், நீங்கள் வாருங்கள் என்கிறாள். ஒன்றும் புரியாமல் கிருஷ்ணம்மா உள்ளே போனாள்.

டாக்டர் மாதவி திருப்பதிக்காரர்தான். தமிழ் பேசுகிற வீடு. “உட்காருங்கம்மா. எந்தப் பக்கம் கசியுது? வலதா, இடதா?”

“எனக்கா?”

“உங்களுக்குத்தானே? சீட்டுல அப்படித்தான் இருக்கு.”

கிருஷ்ணம்மா சீட்டை வாங்கினாள். நகரிப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவள் அவள். எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. பேர் கிருஷ்ணம்மா. வயது அவளுடையது. ஆணா பெண்ணா என்கிற இடத்தில் பெண். முப்பது வருஷம் அவன் கறையைத் துவைத்தவளுக்கு, அவன் தன் நோவையும் எடுத்துப் பூசிவிட்டிருந்தான்.

கதவு சுவரில் மோதித் திரும்பியது. தூணுக்குப் பின்னாலிருந்து வேதாச்சலம் மாடிப்படியில் இரண்டு படி இறங்கியிருந்தான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் ஓடி வந்தாள்.

“எம் பேரை எழுதிக் குடுத்தா, உன் மாருல கீற கட்டி எம் மாருக்கு வந்துடுமாய்யா? டாக்டரு என்னையத் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லுவாங்க, நீ சந்தோசமா பஸ் ஏறிடலாம்னு பாத்தியா?”

“சத்தம் போடாதேமே. நீ போய்க் கேட்டுக்கினு வந்து, மாத்திரை எழுதி வாங்கியாந்தா, நான் துன்றேன்…”

“உன் வெக்கத்துக்கு நான் பொணமாப் படுக்கணும், அப்பிடித்தானே? த பாரு, இங்க இத்தினி பொம்பளைங்க ஒக்காந்துக்கினு இருக்காங்களே, இவங்கள்லாம் வெக்கங்கெட்டவளுங்களா? புள்ளைக்குப் பால் குடுத்த மாரைத் தெறந்து காட்ட ஒக்காந்துக்கினு இருக்காங்க. ஒண்ணுத்துக்கும் ஒதவாத மாரைக் காட்ட உனக்கு இன்னாய்யா அவ்ளோ வெக்கம்?”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. ஷோபா எழுந்து தள்ளி நின்று வேதாச்சலத்துக்கு வழி விட்டாள். “போங்கண்ணா. உள்ள அந்தம்மா ஒண்ணும் திட்ட மாட்டாங்க” என்றாள்.

டாக்டர் திட்டவில்லைதான். சீட்டில் பேரை அடித்துத் திருத்தி எழுதினார். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அக்குளில் கையை வைத்து நிதானமாகத் தடவினார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு மாசமா மேடம்.”

“தையிலேர்ந்து” என்றாள் கிருஷ்ணம்மா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வெளியில காட்டியிருந்தீங்களா?”

“பஸ் ஸ்டாண்டுல ஊசி போடறவரு களிம்பு குடுத்தாரு மேடம். ஆம்பளைக்கு இதெல்லாம் வராதுன்னு சொன்னாரு.”

“குறைச்சலாத்தான் வரும். ஆனா வரும். ஆம்பளைங்களுக்கும் அங்கே கொஞ்சம் மார்புச் சதை இருக்கு; சதை இருக்கிற இடத்துல நோயும் வரலாம். பொம்பளைங்களுக்கு ரெண்டு பக்கமும், அமுக்கினா மட்டும், பாலாவோ பச்சையாவோ வந்தா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்லை. ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போனாப் போதும். ஒரே பக்கம், தானா, ரத்தமாவோ தண்ணி மாதிரியோ வந்தா நாள் கடத்தக் கூடாது. கட்டி தட்டுப்பட்டா, காம்பு உள்ள இழுத்தா, உடனே ஓடி வரணும். ஆம்பளைங்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். என்ன கலர்லயாவது ஒரு சொட்டு வந்தாக்கூட வந்துடணும்.”

“இது அதுதானா மேடம்?” என்று கேட்டான் வேதாச்சலம். அந்த அறைக்குள் வந்தபின் அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

“பார்த்தவுடனே சொல்லக் கூடாது. ஸ்கேன் எடுக்கணும், ஊசியால கொஞ்சம் சதை எடுத்து அனுப்பணும். வந்ததும் சொல்றேன். ஆனா ஒளிக்காம ஒண்ணு சொல்றேன். இவ்வளவு மாசம் காத்திருந்திருக்கக் கூடாது.”

அது அதுதான், புற்றுநோய். ரிப்போர்ட் வந்தது, ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள், ஆவணி மாசத்தில் இடது மாரைச் சதையோடு எடுத்தார்கள். யாமினி லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவோடு படுத்துக் கிடந்தாள். கட்டி மாரோடு நிற்கவில்லை. அக்குள் நெறிகளில் மூன்றில் பரவியிருந்தது. அதனால் ஊசி மருந்து ஏற்ற வேண்டும், கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வேண்டும், அப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை. “பிழைச்சுக்குவாரா?” என்று கிருஷ்ணம்மா கேட்டதற்கு, “சரியா வந்து சிகிச்சை எடுத்தா நல்ல வாய்ப்பு இருக்கும்மா” என்றார் டாக்டர். “அக்குளுக்குப் போறதுக்கு முன்னாடி வந்திருந்தா இன்னும் தைரியமாச் சொல்லியிருப்பேன்.” தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். வால் இன்னும் கையில் இருக்கிறது, அவ்வளவு.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். வேதாச்சலம் உள்ளறையில் கட்டுப் போட்ட மாரோடு படுத்திருந்தான். யாமினி ஷிப்டுக்குத் திரும்பிவிட்டாள். கிருஷ்ணம்மா கஞ்சிக்கு நொய் புடைத்துக்கொண்டிருந்தபோது தெருப் பெண்கள் நாலு பேர் கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்த நாமகிரி கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு சீப்பு வாழைப்பழமும். எதிர்வீட்டுத் தறிக்காரி, நல்ல மனசு, கண் கலங்கத் தயாராகவே வந்திருந்தாள்.

“உனக்குப் போயா இப்பிடி வரணும் கிஷ்ணம்மா? ஒரு வார்த்தை சொல்லலியே. எந்திரிச்சு இன்னாத்துக்கு வேலை செய்றே? பச்சை ஒடம்பு.” சொல்லிக்கொண்டே அவள் கண் கிருஷ்ணம்மாவின் மாராப்புக்குப் போனது. வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது. “எந்தப் பக்கம்மா எடுத்தாங்க?”

முறம் கிருஷ்ணம்மா கையில் அப்படியே நின்றது. “யாரு சொன்னாங்க உனக்கு?”

“உங்க மச்சாண்டாருதான் சொன்னாரு. ஏன், உன் ஊட்டுக்காரரே பட்டறை மொதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னாராமே. பொண்டாட்டிக்கு மாருல ஆபரேசன், ஒரு மாசம் வரமுடியாதுன்னு.”

அந்த நிமிஷத்தில் அவள் கத்தியிருந்தால் நியாயம். தெருவே அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். ஆஸ்பத்திரியில் காலரைப் பிடித்து இழுத்த பிறகும், அறுத்து எடுத்த பிறகும், ராத்திரி பகலாக அவன் மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக் கொட்டிய பிறகும், இந்த மனுஷன் அவள் பேரிலேயேதான் படுத்துக் கிடந்தான். இன்னும் எத்தனை பேர் எத்தனை நாள் வந்து அவள் மாரை அளந்து பார்த்துவிட்டுப் போவார்கள்? ஆனால் அவள் கத்தவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல நாமகிரி. ரெண்டும் எடத்துலதான் கீது. யாருக்கு, இன்னான்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள படுத்துக்கினு கீறாரு, நீயே கேளு.”

நாமகிரிக்குப் புரியவில்லை. மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. பேசியது எல்லாம் உள்ளே கேட்டிருக்கும். எதிர்வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. கிருஷ்ணம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வேதாச்சலம் நிலைப்படி வரைக்கும் வந்தான். இடது கையைத் தூக்க முடியாததால் துண்டு ஒரு தோளில்தான் கிடந்தது. மார்க்கட்டு எல்லாருக்கும் தெரிந்தது.

“அவளுக்கில்லம்மா” என்றான். “எனக்கு. மாருல ரத்தம் கசிஞ்சுது. தையிலேர்ந்து பொத்தி வெச்சுக்கினு இருந்தேன். இப்ப அக்குள் வரிக்கும் போயிட்சு.”

நாமகிரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற ஒருத்தி, “ஆம்பளைக்குமா?” என்றாள்.

“ஆம்பளைக்குந்தான்.”

அவ்வளவுதான் சொன்னான். நிற்க முடியாமல் நிலையில் சாய்ந்தான். கிருஷ்ணம்மா போய் அவன் வலது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, மனசு இளகவும் இல்லை. இந்த நாலு வார்த்தைதானே என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

“இத்தத் தை மாசத்துலயே எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னாய்யா?” என்று கேட்டாள்.

வேதாச்சலம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினான்.